முகக்கவசம் உண்மையிலேயே வைரஸைத் தடுக்கிறதா, ஆதாரம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழம்பியிருக்கிறார். முகக்கவசத்தால் பயனில்லை என்று 2023இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டதாகப் படித்திருக்கிறார்; கேரளத்தில் நிபா வைரஸ் என்ற செய்தி வந்ததும் நம் பக்கம் மறுபடியும் முகக்கவசம் போடச் சொல்வதையும் பார்த்திருக்கிறார். நான் அம்பாசமுத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் விற்று ஓரளவு காசும் பார்த்தவன் என்பதால், நான் சொல்வதில் அதற்கான கழிவைப் போட்டுக்கொண்டு படியுங்கள். முகக்கவசம் தொற்றைக் குறைக்கிறது. ஆனால், கதவைச் சாத்தியது போல் முழுவதுமாகத் தடுப்பதில்லை. எவ்வளவு குறைக்கிறது என்பது அது எந்தத் துணி, முகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, போட்டவர் அதைக் கழற்றாமல் இருந்தாரா என்பவற்றைப் பொறுத்தது.

இதில் நடுவில் சொன்னதை, அதாவது முகத்தில் அது உட்காரும் விதத்தின் முக்கியத்துவத்தை, எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பீடி சுற்றும் ஒரு ஆச்சி. 2020இல் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர், முந்தானையை மூக்கின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். சுளகில் தூளைப் பரப்பி வைத்து ஆயுள் முழுக்கப் பீடி சுற்றியவருக்கு, புகையிலைத் தூசிக்கு மூக்கை மூடிக்கொள்வது புதிதல்ல. ஐந்து ரூபாய்க்கு முகக்கவசம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதும், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, ஒங்க கண்ணாடி பூரா ஆவி படிஞ்சி கெடக்கே. மூச்சு துணிக்கூடியா போவுது, மேல கூடில்லா போவுது! இதுக்கு எதுக்கு அஞ்சு ரூவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மூக்குக் கம்பியை அழுத்தி வளைத்த பிறகு ஆவி பெரும்பாலும் நின்றது. முகக்கவசத்தின் பெரிய குறை துணியில் அல்ல, ஓரத்து இடைவெளியில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருவிகளை வைத்து அளந்து சொன்னதை, அவர் கடை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிட்டார்.

துணியின் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு வேறு. வைரஸ் ஏறத்தாழ 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான், துணியின் துளையோ அதைவிடப் பல மடங்கு பெரிது, கொசுவைப் பிடிக்கக் கம்பிவேலி போட்டது போலத்தானே என்று கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதம், வடிகட்டியை மாவு சலிக்கும் அரிப்பாக நினைத்துக்கொள்வதால் வருகிறது. வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. எச்சிலிலும் சளியிலும் கரைந்திருக்கும் உப்பு, புரதம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு துளியாகவே வருகிறது. அதோடு, மிகச் சிறிய துகள்கள் காற்றின் மூலக்கூறுகள் மோதுவதால் நேராகப் போகாமல் அலைக்கழிந்து இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன; பெரியவை வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 0.3 மைக்ரான் அளவுத் துகள்தான் பிடிப்பதற்கு மிகக் கடினமானது, என்95 வகை முகக்கவசம் அந்த இடத்திலேயே குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது போல, முகக்கவச அடுக்குகளின் நடுத்தாளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டமும் துகளை இழுத்துக்கொள்கிறது.

அந்த நடுத்தாள்தான் எல்லாம். 2021இல் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து மூன்றடுக்கு என்று அச்சிட்ட பெட்டிகளை வாங்கினேன். எடை குறைவாகத் தோன்றியதால் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தேன். வெளியே நீலத்தாள், உள்ளே வெள்ளைத்தாள், நடுவில் ஒன்றுமில்லை. அதற்குள் இரண்டு பெட்டி விற்றுப்போயிருந்தது, யாருக்கு விற்றேன் என்ற கணக்கும் என்னிடம் இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இனி ஆய்வுகளுக்கு வருகிறேன். ஹாங்காங்கில் சளிக் காய்ச்சல்காரர்களின் மூச்சைக் கருவியில் சேகரித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணச் சளியை உண்டாக்கும் பழைய கொரோனா வகை வைரஸ்களைப் பொறுத்தவரை, முகக்கவசம் இல்லாதவர்களில் பத்துக்கு நான்கு பேரின் நுண்துளிகளில் வைரஸ் இருந்தது, அறுவைச் சிகிச்சை வகை முகக்கவசம் அணிந்தவர்களில் ஒருவரிடமும் இல்லை. ஆட்கள் மிகக் குறைவு என்பதையும், இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூவில் பெரிய துளிகளில்தான் வைரஸ் குறைந்தது, நுண்துளிகளில் அவ்வளவு தெளிவான மாற்றம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டென்மார்க் ஆய்வைத்தான் எதிர்ப்பாளர்கள் அதிகம் காட்டுவார்கள். ஏறத்தாழ 6,000 பேர் கலந்துகொண்ட அதில், முகக்கவசம் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. ஆனால், சொன்னபடியே அணிந்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 46 விழுக்காட்டினர்தான். மருந்தை எழுதிக் கொடுத்துப் பாதிப் பேர் சரிவரச் சாப்பிடாமல் விட்டால், நான் அதை மருந்தின் தோல்வி என்று சொல்லமாட்டேன். இந்த ஆய்வு அளந்தது 'அணியுங்கள்' என்ற அறிவுரையின் பலனை. மேலும், அணிந்தவருக்குக் கிடைக்கும் காப்பை மட்டுமே அது பார்த்தது, நோயாளி அணிவதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் நன்மை அதில் வரவில்லை.

நம் ஊருக்குப் பொருந்துவது வங்கதேச ஆய்வு. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தினார்கள். பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் கொடுத்து, சந்தையிலும் பள்ளிவாசலிலும் நினைவூட்டி, அணிவோரை 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தினார்கள். அப்போதும் பாதிக்கு மேற்பட்டோர் அணியவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியும் அறிகுறியோடு கூடிய, இரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று 9 விழுக்காடு குறைந்தது. அறுவைச் சிகிச்சை வகை கொடுத்த கிராமங்களில் 60 வயதைக் கடந்தவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. துணி முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் முடிவு தெளிவாக இல்லை. சதவீதத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது, ஏனென்றால் மொத்தமாகப் பார்த்தால் அது நூற்றுக்கு 0.76 பேரிலிருந்து 0.68 பேராக இறங்கியதுதான்; அந்தக் கிராமங்களில் மக்கள் சற்று விலகி நிற்கவும் பழகியிருந்தார்கள், அதன் பங்கைத் தனியாகப் பிரிப்பது கடினம். இருந்தாலும், ஆச்சி வயதுக்காரர்களுக்கு அதிகப் பலன் தெரிந்தது என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. துணி வகையைப் பற்றி வியட்நாமின் ஹனோய் மருத்துவமனைகளில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வும் நல்ல செய்தி சொல்லவில்லை. அதில் துணி முகக்கவசம் அணிந்த ஊழியர்களுக்கே காய்ச்சல் அதிகம் வந்தது. முந்தானையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி கேட்டவர் படித்த 2023ஆம் ஆண்டுத் தொகுப்பு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பினுடையது. 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சமூகத்தில் முகக்கவசம் அணிவதால் வேறுபாடு சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்று எழுதியது. கைகழுவுதல் போன்றவற்றை ஆராய்ந்தவையும், கொரோனாவுக்கு முந்தைய ஃப்ளூ ஆய்வுகளும் அந்த 78இல் அடக்கம். முகக்கவசம் பயன்படாது என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு, முடிவு உறுதியாகவில்லை என்பதே பொருள் என்று அதன் தலைமைப் பதிப்பாசிரியரே அடுத்த இரண்டு மாதங்களில் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு யாரும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நார்வேயில் 4,647 பேரை வைத்து 14 நாட்கள் நடத்திய ஆய்வில், பொது இடத்தில் அணிந்தவர்களில் 8.9 விழுக்காட்டினரும் அணியாதவர்களில் 12.2 விழுக்காட்டினரும் சளி, இருமல் அறிகுறி சொன்னார்கள். அவர்களே சொன்ன அறிகுறி என்பதால் அதற்கு நான் அரை மதிப்பெண்தான் கொடுப்பேன்.

நிபா வேறு கதை. 2018இல் கோழிக்கோட்டில் பரவியபோது, பெரும்பாலானோருக்கு அது மருத்துவமனை வளாகத்தில், நோயாளிக்கு மிக அருகில் இருந்ததால் தொற்றியது. பாதி நோயாளிகளுக்கு முகக்கவசம் கொடு, பாதிப் பேருக்குக் கொடுக்காதே என்று அப்படிப்பட்ட உயிர்க்கொல்லி நோயில் யாரும் சோதனை நடத்த முடியாது. அங்கே வடிகட்டியின் இயற்பியலையும் மற்ற சுவாச நோய்களின் அனுபவத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கேரள எல்லையில் இருக்கும் புளியரைச் சோதனைச்சாவடியில் காய்ச்சல் பார்ப்பவர் முகக்கவசம் அணிந்திருப்பது அந்த வகையில் சரியானதே. பேருந்தில் தென்காசிக்குப் போகிற எல்லாரும் அணிந்தாக வேண்டுமா என்றால், ஊருக்குள் நோயே இல்லாதபோது தேவையில்லை என்பது என் கருத்து. வங்கதேசத்தில் வௌவால் எச்சில் பட்ட ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்துப் பலருக்கு நிபா வந்திருக்கிறது. அந்த வழிக்கு முகக்கவசத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது என் கடையில் நடைமுறை இதுதான்: இருமிக்கொண்டே வருபவருக்கு முதலில் ஒரு முகக்கவசத்தை நீட்டுகிறேன், காசு வாங்குவதில்லை. அவர் போட்டுக்கொண்ட பிறகு, மூக்குக் கம்பியை அழுத்தச் சொல்கிறேன். கண்ணாடி அணிந்தவராக இருந்தால், ஆவி படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்துச் சீட்டை வாங்குகிறேன்.