பென்குயின் தொங்கலில் சாக்லேட் நழுவினால்

பின்னிய பென்குயின் தொங்கலுக்குள் வைக்கும் சாக்லேட் உருண்டை வாய் வழியே நழுவிவிடுகிறது என்றும், 4 மி.மீ. பின்னல் ஊசியில் 28 கண்ணி (நூல் வளையம்) போட்டதாகவும் சொன்னீர்கள். காரணம் அதுதான். டிகே எனும் நடுத்தரத் தடிமன் நூலில் அந்தச் சுற்று 12 செ.மீ.க்கு மேல் வரும், 3 செ.மீ. சாக்லேட் உருண்டையின் சுற்றளவோ சுமார் 9.5 செ.மீ. வாய் உருண்டையைவிடச் சிறியதாக இருந்து, இழுத்து விரிந்தால்தான் பிடிக்கும்.

3.25 மி.மீ. ஊசியில் 20 கண்ணி போடுங்கள். முதல் 5 வரிசை ஒரு நிட் (நேர்க் கண்ணி), ஒரு பர்ல் (எதிர்க் கண்ணி) என மாற்றி மாற்றிப் பின்னும் ரிப், அதாவது இழுபடும் பட்டை. பிறகு சீராக 4 கண்ணி கூட்டி 24 ஆக்கி, வெற்றுப் பின்னலில் (வெளிப்பக்கம் முழுக்க நிட்) உடலைத் தொடருங்கள். ரிப் இல்லாவிட்டால் விளிம்பு சுருண்டுகொள்ளும், பிடிமானமே இராது. கண்ணி போடும்போது இறுக்காதீர்கள், வாய் விரியாது.

முடித்ததைப் பிரிக்க மனமில்லையா? ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் நூல் கோத்துச் சுருக்குங்கள், போதும்.

தலையில் பஞ்சடைத்ததும் கழுத்தைச் சுருக்கிக் கட்டிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் மணிக் கண் வேண்டவே வேண்டாம், நூலால் தைத்துவிடுங்கள்.