இரண்டு சாக்ஸ் போட்டும் கால்விரல் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறேன். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். குளிர்காலம் வந்துவிட்டால் பாதி தூரத்திலேயே கால்விரல்கள் மரத்துவிடுகின்றன. தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுப் பார்த்தேன். முன்பைவிட மோசமாகத்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் வியர்க்கிறது, கால் மட்டும் ஜில்லிட்டுக் கிடக்கிறது. குளிர்கால ஷூ வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாங்குவது அப்புறம். நாளைக்குக் கிளம்பும்போது ஒரு ஜோடி சாக்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

சாக்ஸ் சூட்டை உண்டாக்குவதில்லை. இரத்தம் கொண்டுவந்து சேர்க்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்து வைப்பதும் நூல் இல்லை, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கோடையில் அளவெடுத்து வாங்கிய ஷூவுக்குள் இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிடும். கூடவே பாதத்தின் மெல்லிய இரத்தக் குழாய்களும் நசுங்கும். வரவும் குறைந்தது, சேமிப்பும் போயிற்று. உங்களுக்கு நிலைமை மோசமானதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஷூவைப் போட்டுக் கட்டிய பிறகு விரல்களை உள்ளே மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஆடினால் சரி. ஆடவில்லை என்றால் சாக்ஸ் மெல்லியதாக வேண்டும், அல்லது ஷூ பெரியதாக வேண்டும். லேஸையோ பட்டையையோ முன்பாதத்தின் பக்கம் ஒரு பிடி தளர்த்தினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நடப்பவருக்கு இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை? நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பாதம் மடங்கி நிமிர்கிறது, இரத்தமும் ஓடுகிறது. சைக்கிளில் உழைப்பதெல்லாம் தொடைதான். பாதம் விறைப்பான ஷூவுக்குள் சும்மா இருக்கிறது. பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் மட்டும் ஓயாமல் அழுத்தம் விழுகிறது. காற்றும் அதிகம். 5 டிகிரி செல்சியஸ் குளிரில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று நேராகப் படும் வெறும் தோலுக்கு அது ஏறக்குறைய 0 டிகிரி போல உறைக்கும். பெடல் மேலே வரும் நேரத்தில் பாதம் சைக்கிளைவிடவும் வேகமாக முன்னே பாய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இடம் விட்ட பிறகு அடுத்த வேலை காற்றைத் தடுப்பது. சைக்கிள் ஷூக்களில் வலைத்துணியும் துளைகளும் வைத்திருப்பதே காற்று உள்ளே புகட்டும் என்றுதான். குளிரில் அதுவே வினை. ஷூவுக்கு மேல் மாட்டும் ஓவர்ஷூ இதற்காகவே இருக்கிறது. காய்ந்த குளிருக்கு விரல்பகுதியை மட்டும் மூடும் சிறிய உறையே போதும். மழையும் சேர்ந்தால் கணுக்காலுக்கு மேல்வரை ஏறும் நியோப்ரீன் (ரப்பர் போன்ற துணி) வகை நல்லது. கிளீட், அதாவது ஷூவைப் பெடலோடு பூட்டும் அடித்தகடு, பொருத்திய ஷூ என்றால் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள்: உள்ளே பாதத்துக்கு அடியில் விரித்திருக்கும் இன்சோலை எடுத்துப் பார்த்தால் திருகுத் துளைகள் தெரியும். அவற்றின் மேல் டேப் ஒட்டி, இடம் இருந்தால் மட்டும் கம்பளி இன்சோல் ஒன்றைப் போடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வேலைக்குப் போய்வர கிளீட் தேவையே இல்லை. குளிர்கால மாதங்களுக்குத் தட்டைப் பெடல் மாட்டிக்கொண்டு, தாராளமான அளவில் ஒரு சாதாரண பூட்ஸ் போட்டு மிதித்தால் போதும். கிளீட்டை விட மனமில்லாதவர்களுக்குத்தான் குளிர்கால சைக்கிள் ஷூ. அதையும் நீங்கள் போடப்போகும் சாக்ஸோடு கடைக்குப் போய், விரலை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஈரம் தனிக் கதை. தண்ணீர் காற்றைப் போலச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே தோலோடு ஒட்டிக்கிடக்கும். மெரினோ கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். மழையில் தண்ணீர் பெரும்பாலும் ஷூவைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை, கால் வழியாக வழிந்து மேலிருந்து இறங்குகிறது. பேன்ட்டின் கால்விளிம்பு ஓவர்ஷூவுக்கு வெளியே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே செருகினால் ஓவர்ஷூ வாளிதான். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும்.

உடம்பு வியர்க்கிறது என்றீர்கள். அப்படியானால் மேலே ஓர் அடுக்கைக் குறைத்து, முழங்காலுக்குக் கீழே கூட்டுங்கள். கணுக்காலில் சதை குறைவு, இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. குட்டை சாக்ஸுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே அங்கே தோல் தெரிந்தால், விரலுக்குப் போகும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். கெண்டைக்கால் வரை ஏறும் சாக்ஸ் போடுங்கள், விளிம்பு இறுக்காததாக.

சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றும் பழைய வித்தை பலிக்குமா? காற்றைத் தடுக்கும், உண்மை. ஆனால் வியர்வை வெளியேற வழியில்லை. முக்கால் மணி நேரத்துக்குச் சமாளிக்கலாம், தினசரி வழக்கமாக்க வேண்டாம். இரும்புத்தூள் அடைத்த சூட்டுப் பொட்டலங்கள் ஆக்சிஜன் பட்டால்தான் சூடாகும், அதனால் மூடிய ஷூவுக்குள் சீக்கிரம் சோர்ந்துவிடும். வைப்பதானால் சாக்ஸுக்கு மேல், விரல்களின் மேற்பக்கத்தில் வையுங்கள். தோலோடு படக் கூடாது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பொட்டலத்தையும் மின்சார இன்சோலையும் தொடவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

வழியில் மரக்கத் தொடங்கினால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில நிமிடம் நடங்கள். எந்தக் கருவியையும்விட இது வேகமாக வேலை செய்யும். முழுதாக மரத்த பிறகு நடந்தால் உணர்ச்சி திரும்பவே வெகுநேரம் ஆகும், ஆகவே முதல் சுணக்கத்திலேயே இறங்கிவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் காலை ஹீட்டருக்கு நேராக நீட்டாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாட்டி, மெல்லச் சூடேற விடுங்கள். குளிர்ந்த விரலைத் திடீரென்று சூடேற்றினால் சிவந்து வீங்கி அரிக்கும் குளிர்ப்புண் வரலாம். சூடேறிய பிறகும் உணர்ச்சி திரும்பாமல், தோல் வெளிறி மெழுகுபோலக் கெட்டியாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாதாரணக் குளிருக்கே விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவக்கிறதா? அது ரேனாட் எனப்படும் இரத்தக் குழாய்க் கோளாறாக இருக்கக்கூடும். புகைப்பழக்கம் அதை மோசமாக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளாலும் கை கால் குளிர்ந்துபோவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.