பம்பு போகவில்லை, எண்ணெய்தான் போதவில்லை

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் சும்மா கிடந்த குட்டி பேக்ஹோ (பக்கெட் மாட்டிய கையால் மண் தோண்டும் மெஷின்) ஒன்றை எடைக்கு வாங்கினேன். வெளிநாட்டு மாடல், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வகை. இரண்டு சக்கரம், இரண்டு ஜாக் கால், ஒரு சீட், ஆறு லீவர். பெட்ரோல் எஞ்சின் ஜாம் ஆகியிருந்ததால் வீட்டில் இருந்த 10 எச்பி பம்புசெட் டீசல் எஞ்சினைப் பொருத்தினோம். ஓடுகிறது, ஆனால் கை ஆமை மாதிரி ஏறுகிறது. மெக்கானிக் பிரஷர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கினார். வேகம் கூடவில்லை; ஒரு ஓஸ் வெடித்ததுதான் மிச்சம். இப்போது மண்ணில் பக்கெட்டை இழுத்தால் எஞ்சினே அமுங்கி நிற்கிறது. இடது பக்கம் திரும்பும்போது திக்கித் திக்கித் திரும்புகிறது. ராத்திரி கையைத் தூக்கி நிறுத்தினால் காலையில் பக்கெட் தரையில் கிடக்கிறது. எண்ணெயைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா? மேட்டூர் திறப்பதற்குள் வயல் வாய்க்காலைத் தூர்வாரியாக வேண்டும். பெயின்ட் வேறு அடிக்க வேண்டும்.
— மன்னார்குடி வட்டத்து விவசாயி ஒருவர்

பதில்: முதலில் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெயைத் தள்ளி வேலை வாங்கும் மெஷினில், வேகம் வேறு, பலம் வேறு. கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு பாரத்தைத் தூக்குகிறது என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. மெக்கானிக் முறுக்கியது ரிலீஃப் வால்வின் (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்க்ரூ; அது அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது, அவ்வளவுதான். அதை முறுக்கி வேகத்தைக் கூட்ட முடியாது. மதகுக் கதவின் உயரத்தைக் கூட்டினால் ஆற்றில் தண்ணீர் கூடிவிடுமா?

நான் கேட்டபடி சில அளவுகளையும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி, பாதி வேலை அதிலேயே முடிந்தது. பம்பு மேல் 8 சிசி என்று பொறித்திருக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 8 மில்லி எண்ணெய் தள்ளும். பழைய பெட்ரோல் எஞ்சினின் தகட்டில் 3000 ஆர்பிஎம் என்று போட்டிருக்கிறது; அப்போது நிமிடத்துக்கு 24 லிட்டர் வந்திருக்கும். உங்கள் டீசல் எஞ்சின் 1500-ல் ஓடுகிறது. 12 லிட்டர்தான் வரும். நேர் பாதி. மெஷின் நோயாளி இல்லை. அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு போடுகிறீர்கள்.

இது ஊகம் இல்லை என்பதற்கு உங்கள் ஸ்டாப்வாட்சே சாட்சி. பூம் சிலிண்டரின் (கையைத் தூக்கும் சிலிண்டர்) வெளி விட்டம் 75 மில்லிமீட்டர், குழாய்ச் சுவர் 6 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உள்விட்டம் 63. ராடு வெளியே வரும் நீளம் 500. கணக்குப் போட்டால் சிலிண்டர் முழுதாக நீள ஏறக்குறைய 1.56 லிட்டர் வேண்டும். காலையில் வெறும் பக்கெட்டோடு 8 விநாடி ஆகிறது என்றால், நிமிடத்துக்கு 11.7 லிட்டர். பம்பு தரவேண்டிய 12-க்கு மிக அருகில். எண்ணெய் சூடான பிறகு, ஈரமண் நிரம்பிய பக்கெட்டோடு எடுத்தபோது 9 விநாடி. தேய்ந்த கியர் பம்பு (பல்சக்கரங்களால் எண்ணெயைத் தள்ளும் உங்களுடைய வகை) சூட்டிலும் பாரத்திலும்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். 8 விநாடி வேலை 15, 16 என்று இழுக்கும். உங்களுடையது ஒரு விநாடிதான் கூடியிருக்கிறது. இந்தப் பம்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, வேகத்துக்கு என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, பெரிய பம்பு. எஞ்சினுக்கு அது தாங்குமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு: அழுத்தத்தை (பார் என்ற அலகில்) நிமிடத்துக்கு வரும் லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். பம்பின் இழப்புக்காக அதை இன்னொரு முறை 0.85-ஆல் வகுக்க வேண்டும். உங்கள் மெஷின் தகட்டில் 2000 பிஎஸ்ஐ (அழுத்தத்துக்கு இன்னோர் அலகு) என்றிருக்கிறது, அது ஏறக்குறைய 140 பார். 14 சிசி பம்பு போட்டால் 1500 சுற்றில் 21 லிட்டர் வரும். இழப்பையும் சேர்த்து 5.8 கிலோவாட் இழுக்கும். எச்பியில் 7.7. பழைய 10 எச்பி எஞ்சினுக்கு அது சரியான சுமை. 16 சிசி என்றால் 8.8 எச்பி ஆகும். வயதான எஞ்சினை அந்த அளவுக்கு நான் விரட்ட மாட்டேன். எனவே பம்பு வாங்குங்கள் என்று உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. காரணம்தான் தப்பு. அதே 8 சிசியையே திரும்ப வாங்கியிருந்தால் பணமும் போய், ஆமையும் அப்படியே இருந்திருக்கும்.

வாங்கும்போது சுழலும் திசையைச் சொல்லி வாங்குங்கள். கியர் பம்பின் உடம்பிலேயே அம்புக்குறி இருக்கும். தலைகீழாக ஓட்டினால் எண்ணெய் தள்ளாது. ஷாஃப்ட் சீலும் பிய்த்துக்கொண்டு போகும்.

இன்னொரு வழி, இருக்கிற பம்பையே பெல்ட், புல்லி வைத்து வேகமாகச் சுற்றுவது. எஞ்சின் பக்கம் பெரிய புல்லி, பம்பு பக்கம் சின்னது, ஒன்றேமுக்கால் மடங்கு வித்தியாசம் இருந்தால் அதே 21 லிட்டர் வரும். செலவும் கம்மி. ஆனால் புல்லியை நேராகப் பம்பு ஷாஃப்டிலேயே மாட்டாதீர்கள். பெல்ட் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பைத் தாங்க இந்த மாதிரிப் பம்புகள் செய்யப்படவில்லை. நடுவில் இரண்டு பேரிங்கில் ஓடும் தனி ஷாஃப்ட் போட்டு, அதிலிருந்து ரப்பர் வைத்த கப்ளிங்கால் பம்பைச் சுற்ற வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த நடு ஷாஃப்டை விட்டுவிட்டுத்தான் நிறையப் பம்புகளைக் கொன்றிருக்கிறோம். நானும் இளவயதில் ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

எஞ்சின் அமுங்கி நிற்பது ஸ்க்ரூவை முறுக்கிய பிறகுதானே? இப்போதிருக்கும் 12 லிட்டருக்கு 140 பாரில் 4 எச்பி சொச்சம்தான் தேவை. அதற்கே 10 எச்பி எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்றால், அழுத்தம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பம்பிலிருந்து வால்வுக்குப் போகும் லைனில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து, 250 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். ரிலீஃப் ஸ்க்ரூவை நன்றாகத் தளர்த்திவிட்டு, பக்கெட்டை முழுதாக மடக்கி, லீவரை விடாமல் பிடித்துக்கொண்டு, முள் 140-ஐத் தொடும் வரை கால் கால் சுற்றாக முறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் லீவரைச் சில விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், எண்ணெய் கொதித்துவிடும். லாக் நட்டை இறுக்கிவிட்டு அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். 140-லும் எஞ்சின் நின்றால் டீசல் ஃபில்டரையும் டேங்க்கின் அடியில் இருக்கும் துருவையும் பாருங்கள்.

வெடித்த ஓஸைப் பற்றி. மற்றவையும் அதே வயதுதான், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அமெரிக்க மெஷின் என்றால் அதன் குழாய் மரை என்பிடி என்ற அமெரிக்க வகையாக இருக்கலாம். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வகை. அரை இஞ்சு, முக்கால் இஞ்சு அளவுகளில் இரண்டுக்குமே ஓர் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் மற்றொன்று சமர்த்தாக ஏறிவிடும். மரையின் கோணம் மட்டும் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55. ஏறும், இறுகும், அழுத்தம் வந்ததும் கசியும். கசிகிறதே என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். அந்த டேப் கிழிந்து உள்ளே போய் வால்வில் உட்கார்ந்துகொள்ளும். பழைய ஓஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கசிவு எங்கே என்று தேட விரலை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலி கூட உடனே இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அட்டை நனைந்தால் கசிவு அங்கேதான்.

இடது பக்கம் திக்குவதற்கு முதலில் பின்னையும் (மூட்டை இணைக்கும் ஆணி) அது உட்காரும் புஷ் வளையத்தையும் பாருங்கள். ஒருவர் கடப்பாரை வைத்துக் கையைப் பக்கவாட்டில் நெம்பட்டும், நீங்கள் திருப்பும் சிலிண்டரின் இரண்டு முனையிலும் கண் வையுங்கள். பின் அசைந்த பிறகே சிலிண்டர் அசைகிறது என்றால் ஓட்டை முட்டை வடிவாகிவிட்டது. லேத்தில் கொடுத்து ஓட்டையை வட்டமாக்கிப் புது புஷ் அடிக்க வேண்டும். புதுப் பின்னை மட்டும் போட்டால் மூன்று வாரம்கூட நிற்காது. பின் நன்றாக இருந்தால், திருப்பும் சிலிண்டரின் ஓஸ் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். கை படாரென்று திரும்பாமல் இருக்கப் பல மாடல்களில் அங்கே சின்ன ஓட்டை போட்ட ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் திக்குகிறது என்றால், அந்த ஓட்டையில் துருவோ மேலே சொன்ன டேப்போ மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

ராத்திரியில் கை இறங்குவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். லீவர் வால்வின் உள்ளே கொஞ்சம் கசிவது அதன் பிறவிக் குணம். பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் இறங்கினால்தான் விஷயம். அப்போது பிஸ்டன் சீலைச் சோதிக்கப் பக்கெட் சிலிண்டரில் தொடங்குங்கள்: ராடைக் கடைசி வரை நீட்டி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். ராடு பக்கத்து ஓஸைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள். சிலிண்டரின் திறந்த துவாரத்துக்குக் கீழே ஒரு டப்பா வைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டி, இன்னும் நீட்டுகிற திசையிலேயே லீவரை மெல்லத் தள்ளுங்கள். முதலில் கொஞ்சம் சொட்டி நின்றால் சீல் நல்லது. விடாமல் ஒழுகினால் போயாச்சு. பூமுக்கு இதைச் செய்யும்போது கைக்கு அடியில் கனமான மரக்கட்டைகள் அடுக்கியிருக்க வேண்டும். தூக்கிய கைக்குக் கீழே யாரும் குனியக் கூடாது.

இறால் பண்ணையில் இருந்தது என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ராடுகள்தான். உப்புக்காற்று குரோமைப் புள்ளி புள்ளியாகத் தின்றிருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற குழி இருந்தால் புது சீல் போடுவது வீண். அந்தக் குழி அரம் மாதிரி சீலை ராவிவிடும். ராடுக்கு ஹார்டு குரோம் பூசி வாங்குங்கள், அல்லது புது குரோம் ராடு போடுங்கள். திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். ஒரு பழைய தகரத்தை நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. (தோசைக்கல்லில் வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.) நம் வெயிலுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் போதும். டேங்க்கைக் கழற்றிக் கழுவி, உள்ளே உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் சல்லடையையும் சுத்தம் செய்த பிறகு ஊற்றுங்கள். உறிஞ்சு ஓஸையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள் ரப்பர் உரிந்து குழாயை அடைக்கும். பம்பு கோலிக்குண்டு போட்டுக் குலுக்கிய டப்பா மாதிரி சத்தம் போட்டால் எண்ணெய் வராமல் திணறுகிறது என்று அர்த்தம்.

செலவு செய்யத் தகுமா என்றால், உங்கள் மண்ணுக்குத் தகும். பெரிய ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல். அது வயலுக்குள் இறங்கி ஏறினால் வரப்பையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகும். உங்களுடையது ஒரு டன் கூட இருக்காது. ஆனால் அந்த எடைக் குறைவே களிமண்ணில் எதிரி. பக்கெட்டை ஆழமாகக் குத்தி இழுத்தால் மண் வராது, மெஷின்தான் மண்ணை நோக்கி நகரும். மெல்லிய சீவலாக எடுங்கள். மே மாதக் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி இருக்கும், பல் வழுக்கும். முதல் நாள் சாயங்காலம் போர் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு ஊறவைத்தால் காலையில் அல்வா மாதிரி வரும். ஜாக் கால் புதையாமல் இருக்க அடியில் பனஞ்சட்டம் போடுங்கள். கரை ஓரத்திலிருந்து நான்கடியாவது தள்ளி நிறுத்துங்கள். நீர்வளத்துறை வாய்க்காலில் கை வைக்க வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும். உங்கள் சொந்த வயல் வாய்க்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை திறப்பார்கள். உங்கள் கடைமடைக்கு வர இன்னும் சில நாள் உண்டு. கேஜ், ஸ்க்ரூ, ஓஸ், எண்ணெய் ஆகியவற்றை முதல் வாரத்தில் முடியுங்கள். ஆமை வேகமாக இருந்தாலும் இந்த வருஷத் தூரை வாரிவிடலாம். 14 சிசி பம்பும் ராடும் சம்பா நட்ட பிறகு சாவகாசமாகச் செய்யலாம்.

பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. கசிவு நிற்பதற்கு முன் அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. அடிக்கும்போது ராடுகளில் கிரீஸ் தடவிக் காகிதம் சுற்றுங்கள், கிரீஸ் நிப்பிள்களை மூடுங்கள், டேங்க் மூடியில் காற்றுப் போகும் ஓட்டையை மறந்தும் பூசிவிடாதீர்கள். அந்த 2000 பிஎஸ்ஐ தகட்டின் மேலும் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.