அகூஸ்டிக் கிட்டாருக்கு 10, 11, 12: எந்த ஸ்ட்ரிங் போடலாம்?

கற்க ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகிறது, விரல் நுனி எரிகிறது, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அமுக்க வேண்டிய எஃப் கார்ட் பிடிபடவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் மெல்லிய 10 போடச் சொல்கிறார், நண்பர் தடித்த 12-ஐ விடாதே என்கிறார். நான் 11 என்பேன். ஆனால் வாங்குவதற்கு முன் கிட்டாரின் நட்டை, அதாவது தலைப் பக்கம் ஸ்ட்ரிங்குகள் பதிந்து நிற்கும் பள்ளம் வெட்டிய சிறு பட்டையை, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். நட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடியுங்கள். அப்போது முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் நட்டில் வெட்டிய பள்ளம் ஆழம் போதவில்லை. எஃப் கார்ட் பிடிப்பது நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில்தானே? அந்த உயரத்தை நீங்கள் விரலால் அமுக்கித் தீர்க்கிறீர்கள். விலை குறைந்த கிட்டார்களில் இது சகஜம். செட்டப் செய்பவரிடம் கொடுத்தால் ராவிச் சரிசெய்து தருவார். இதைச் செய்யாமல் 10 போட்டாலும் பாதி வலி அப்படியே இருக்கும்.

அப்புறம் எண்களுக்கு வருவோம். 12 என்றால் முதல் ஸ்ட்ரிங்கின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். அதே சுருதிக்குத் தடித்த கம்பியை இன்னும் இறுக்க வேண்டும். முதல் ஸ்ட்ரிங் 12, ஆறாவது 53 என்று வரும் 12-53 செட் வழக்கமான டியூனிங்கில் மொத்தம் 74 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கும். 11-52 செட் 68 கிலோ அளவுக்கு. அந்த இழுவிசைதான் மேல்பலகையை அதிரவைக்கிறது. அதனால்தான் டிரெட்நாட் போன்ற பெரிய உடலில், பிக் வைத்து ஓங்கி வாசிப்பவர்களுக்கு 12 நன்றாகப் பேசும். உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

10 எனக்குப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். மெல்லிய கம்பி அகலமாக ஆடும். கொஞ்சம் வேகமாக ஸ்ட்ரம் செய்தாலே ஃப்ரெட்டில் பட்டு இரையும், அடிச்சுருதியின் கனமும் குறையும். கற்கிற காலத்தில் நம் கிட்டாரின் ஒலி நமக்கே பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கையில் எடுக்கத் தோன்றாது. விரலால் மட்டும் மென்மையாக வாசிப்பவருக்கு 10 ஒத்துவரலாம்.

உங்களுடையது சின்ன டிராவல் கிட்டார் என்றால் கணக்கு மாறும். ஸ்ட்ரிங்கின் நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இறுக்கமும் குறையும். டெய்லர் கம்பெனியின் ஜிஎஸ் மினியில் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் ஸ்ட்ரிங்கின் நீளம், 23.5 அங்குலம்தான். அதற்குக் கம்பெனியே இன்னும் தடித்த 13-இல் தொடங்கும் செட்டைப் போட்டு அனுப்புகிறது. அந்த மாதிரிக் கிட்டாரில் 12-க்குக் கீழே போக வேண்டாம். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி எதையும் போடவே கூடாது, ஸ்ட்ரிங்குகளை மேல்பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும்.

காசு செலவழிக்கும் முன் 11 எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. இப்போது இருக்கும் 12 செட்டின் எல்லா ஸ்ட்ரிங்குகளையும் அரை ஸ்டெப், அதாவது ஒரு ஃப்ரெட் அளவு சுருதி, இறக்கி டியூன் செய்யுங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். கிட்டத்தட்ட 11 செட்டின் இறுக்கம் வந்துவிடும். ஒரு வாரம் அப்படியே வாசித்துப் பாருங்கள். கை இளகினால் 11 வாங்குங்கள். மாற்றியபின் சில நாளில் நெக் லேசாகப் பின்னால் போய் ஸ்ட்ரிங் இரைய ஆரம்பித்தால், நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தச் செட்டப் செய்பவரிடம் சொல்லுங்கள்.