வாசகர் கேள்வி: பிரான்ஸ் கிராமத்துல ஓடணும், எங்க ஆரம்பிக்கிறது?

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல பிரான்ஸ் தான். பிள்ளைங்க அங்க வேலைக்குப் போயிருக்காங்க, பெத்தவங்க பாக்கப் போறாங்க, போற இடத்துலயும் காலை ஓட்டத்தை விட மனசில்ல. ஒண்ணொண்ணா பாப்போம்.

மக துலூஸ்ல இருக்கு, ஜூன்ல ஒரு மாசம் போறோம். தினமும் 10 கி.மீ. ஓடுவேன். பழைய ஊர்களைப் பாத்துக்கிட்டே ஓடுற மாதிரி ரூட் சொல்லுங்க. (வாசகர், தேவகோட்டை)

அண்ணே, துலூஸ்னா கவலையே வேண்டாம், ஊருக்குள்ளயே கனால் டு மிடி கால்வாய் ஓடுது. 1667-ல வெட்ட ஆரம்பிச்சு 1681-ல முடிச்சாங்க, துலூஸ்ல இருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரைக்கும் 240 கி.மீ. அந்தக் காலத்துல குதிரை படகை இழுத்துக்கிட்டு நடந்த கரைப் பாதை இன்னமும் இருக்கு, ஏத்தம் இறக்கம் பெருசா கிடையாது, துலூஸ்ல இருந்து தென்கிழக்கா சுமார் 50 கி.மீ. தார் போட்டே வச்சிருக்காங்க, சைக்கிள்காரர் மணி அடிச்சா வலது பக்கம் ஒதுங்கிக்கணும், அவ்வளவு தான். ஒரு நாள் முடிஞ்சா நோரூஸ்ங்கற இடத்துக்குப் போயிட்டு வாங்க. கால்வாயோட உச்சி மேடு அது, கடல் மட்டத்துக்கு 189 மீட்டர் மேல. கறுப்பு மலைல இருந்து வரத்துக்கால் வெட்டி அங்க தண்ணியக் கொண்டாந்து சேத்து, ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறு பக்கம் மத்தியதரைக்கும் பிரிச்சு விட்டாரு, இந்தக் கால்வாய வெட்டுன ரிக்கேங்கறவர். ஊருணிக்கு தண்ணி வரலையேனு அலையிற நமக்கு அதப் பாத்தா வயித்தெரிச்சலா தான் இருக்கும். பாவம் மனுசன், கால்வாய் முடியறதுக்குக் கொஞ்ச மாசம் முன்னால, 1680-ல செத்துப் போயிட்டாரு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கரையில நின்ன பிளேன் மரங்களுக்கு 2006-ல பூஞ்சை நோய் வந்தது தெரிஞ்சு ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க, புதுக் கன்னு வச்சிருக்காங்கன்னாலும் சில இடத்துல மொட்டை வெயில் தான். ஜூன்ல ராத்திரி ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால சாயங்காலம் எட்டு மணிக்குக் கிளம்புனாக் கூட போதும்.

கால்வாய் மட்டும் ஓடுனா கிராமம் பாத்த மாதிரி ஆகாது. ரயில் ஏறி காஓர் போங்க, அங்கிருந்து லோத் ஆத்தங்கரையில பூஸியேங்கற சின்ன ஊருக்கு. அங்க இருந்து சான் சிர் லபோப்பி சுமார் 4 கி.மீ. தான், ஆனா நான் சொல்ற ரூட்லயே சிறந்த 4 கி.மீ. அது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையக் குடைஞ்சு படகு இழுக்கப் பாதை போட்டிருக்காங்க, ஒரு பக்கம் ஆறு, தலைக்கு மேல பாறை குடை மாதிரி கவிஞ்சு நிக்கும், சில இடத்துல குனியணும் போலயே இருக்கும், சுவத்துல ஒரு சிற்பி செதுக்குன உருவங்களும் இருக்கு. மழை பேஞ்சா அந்தக் கல்லு வழுக்கும், அங்க டைமர் வச்சுக்கிட்டு ஓடாதீங்க. கடைசில ஆத்துல இருந்து சுமார் 100 மீட்டர் ஏறுனா தான் ஊரு. அந்த ஏத்தத்துல எல்லாரும் நடக்கத் தான் செய்வாங்க, நீங்களும் நடங்க.

வயசு 58, ஓட்டமும் நடையுமா போவேன். பிரெஞ்சு தெரியாது, வழி தவறிடுவேன்னு மருமக பயப்படுது. (வாசகி, பள்ளத்தூர்)

ஆச்சி, பாஷை தெரிய வேண்டாம், பெயிண்ட் அடையாளம் தெரிஞ்சாப் போதும். நெடுந்தூர நடைப் பாதைக்கு ஜி.ஆர்.னு பேரு, அடையாளம் மேல வெள்ளைக் கோடு கீழ சிவப்புக் கோடு. மரத்துல, கரண்டு கம்பத்துல, மதில் சுவத்துல, எங்கயாவது இருக்கும். கோட்டுக்குக் கீழ அம்பு வளைஞ்சா அந்தப் பக்கம் திரும்பணும், ரெண்டு கோடும் பெருக்கல் குறியா இருந்தா அது நம்ம வழி இல்லனு அர்த்தம். மஞ்சக் கோடு மட்டும் இருந்தா அது உள்ளூர்ச் சுத்து, கிளம்புன எடத்துக்கே பெரும்பாலும் கொண்டாந்து விட்டுரும், உங்களுக்கு அது தான் சரி. கொஞ்ச தூரம் ஓடியும் ஒரு அடையாளமும் கண்ணுல படலைன்னா மேல போகாதீங்க, கடைசியா பாத்த அடையாளத்துக்குத் திரும்பிருங்க.

உங்களுக்குப் பிடிக்கும்னு நான் நினைக்கிறது ஜி.ஆர். 65. லெ பூயிங்கற ஊர்ல இருந்து கிளம்பி கோங்க், காஓர், முவாசாக் வழியா ஸ்பெயின் எல்லை வரைக்கும் போற யாத்திரைப் பாதை, 951 வாக்குல அந்த ஊர் பிஷப் கொதெஸ்கால்க் நடந்ததா பதிவு இருக்கு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடில இருந்து பழனிக்கு நடக்கிறவங்களப் பாத்தவங்களுக்கு அந்தப் பாதை அந்நியமாவே தெரியாது, தோள்ல பை, கையில கம்பு, எதுக்க வர்றவங்களுக்கு ஒரு வணக்கம். அந்த வணக்கம் முக்கியம், போன்ஜூர்னு சொல்லாம தாண்டிப் போறத அங்க மரியாதக் குறைவா எடுத்துக்குவாங்க.

தண்ணிக்கு ஒரு வழி சொல்றேன், முகம் சுளிக்காதீங்க. கிராமத்துல கடை இல்லைன்னா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. பூச்செடிக்கு ஊத்த அங்க வாசல் பக்கத்துலயே குழாய் இருக்கும், ஓடுறவங்க நடக்கிறவங்க எல்லாரும் அங்க தான் பாட்டில் ரொப்புறாங்க. குழாய் மேல "நோன் பொத்தாப்ல்"னு போர்டு இருந்தா குடிக்காதீங்க. சாப்பாட்டுக்கு சின்ன ஊர்க் கடைய நம்பாதீங்க, மத்தியானம் 12-ல இருந்து 2 வரைக்கும் சாத்திருவாங்க, திங்கக்கிழமை பல கடை தொறக்கிறதே இல்ல. ஊருல இருந்து கடலை மிட்டாய் கொண்டு போங்க. மாவுருண்டை வேண்டாம் ஆச்சி, நெய் சேந்தது, வெளியூர்ல இருந்து பால் பொருள் கொண்டாரக் கூடாதுங்கறது ஐரோப்பால ரூல்.

செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போறதா இருந்தா வேட்டை சீசன். காட்டுப் பன்னி அடிக்கத் துப்பாக்கியோட எறங்குவாங்க, அதுலயும் ஞாயித்துக்கிழமை ஜாஸ்தி. பளிச்சுனு ஆரஞ்சுக் கலர் சட்டை போட்டுக்கோங்க, வழியில வேட்டை நடக்குதுனு போர்டு பாத்தா அந்தப் பாதையே வேண்டாம். அவசரத்துக்கு 112.

ஆப் மாரத்தான் 1:50-ல முடிப்பேன். அல்சாஸ்ல ஒரே நாள்ல பத்து கிராமம் ஓடி முடிக்கலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

முடிக்கலாம் தம்பி. முடிச்சுட்டு எந்த ஊர்ல என்ன பாத்தேனு கேட்டா முழிப்பீங்க. ரிக்விர்ல கிளம்பி ஊனாவிர் வழியா ரிபோவியே போங்க, மூணும் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஊனாவிர் சர்ச்சச் சுத்திக் கோட்டை மாதிரி மதில் கட்டியிருப்பாங்க, அங்க ஒரு அரை மணி நேரம் நில்லுங்க. எகிஷீம் தனியா ஒரு நாள், அங்க வீடெல்லாம் நடுக் கோட்டையச் சுத்தி வட்ட வட்டமா இருக்கும், ஓடுனா கிளம்பின வாசலுக்கே வந்து நிப்பீங்க. ஊருக்குள்ள எல்லாம் கல்லுப் பாவுன தெரு, கணுக்கால் பத்திரம். திராட்சை பறிக்கிற சமயத்துல சில தோட்டப் பாதைய மூடிருவாங்க, அதையும் பாத்துக்கோங்க.

மெதோக் மாரத்தான்ல தண்ணிக்குப் பதிலா ஒயின் குடுப்பாங்களாமே? (வாசகர், காரைக்குடி)

தண்ணியும் உண்டு, ஒயினும் உண்டு. 1985-ல இருந்து செப்டம்பர்ல போயாக்ல நடக்குது, மாறுவேசம் போட்டுக்கிட்டுத் தான் முக்கால்வாசிப் பேர் ஓடுவாங்க, ஆறரை மணி நேரம் டைம். குடிக்காதவங்க தாராளமா ஓடலாம், யாரும் வாயில ஊத்த மாட்டாங்க. பிரான்ஸ்ல ரோட்டு ஓட்டப் போட்டிக்கு 2024-ல இருந்து டாக்டர் சர்டிபிகேட்டுக்குப் பதிலா பி.பி.எஸ்.ங்கற உடல்நலப் பாடத்த ஆன்லைன்ல முடிச்சு நம்பர் வாங்கணும், அத மறந்துட்டு டிக்கெட் போடாதீங்க.

அங்க ஊரெல்லாம் மலை மேலனு சொல்றாங்க. நம்ம செம்மண் சமவெளில எப்படிப் பழகுறது? (வாசகர், கோத்தமங்கலம்)

இது தான் இந்த மாசத்துல உருப்படியான கேள்வி. அங்க பழைய ஊருங்க மேட்டுல உக்காந்திருக்கறது அழகுக்கில்ல, சண்டைக்கு. நூறாண்டுப் போர்ல தொர்தோன் ஆத்துக்கு இந்தப் பக்கம் பெய்னாக் கோட்டை பிரெஞ்சுக்காரன் கையில, அந்தப் பக்கம் காஸ்தெல்னோ இங்கிலீஷ்காரன் கையில, ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தான். அதனால அங்க கி.மீ. கணக்கு போடாதீங்க, ஏத்தம் எத்தன மீட்டர்னு பாருங்க. 12 கி.மீ. ரூட்ல 400 மீட்டர் ஏத்தம் இருந்தா நம்ம காரைக்குடி ஓட்ட வேகமெல்லாம் செல்லாது.

பழக, பிரான்மலை போங்க. உச்சில தர்கா இருக்கு, அங்க வரைக்கும் பாதை இருக்கு, கிளம்புறது விடியக்காலைல, எறங்குறது வெயில் ஏறும் முன்ன. ஏறும்போது கைய தொடைல ஊனி நடந்து பழகுங்க, எறங்கும்போது சின்னச் சின்ன அடியா வைங்க, முட்டி போறது எறக்கத்துல தான். திருமயம் கோட்டையும் நல்லது. குன்றக்குடிப் படில ஓடாதீங்க, கும்புட வர்றவங்களுக்கு இடைஞ்சல். அதே ஞாயம் பிரான்ஸ்ல இருக்கற ரொக்கமதூர்ங்கற யாத்திரை ஊர்லயும், அங்க 216 படிய முட்டி போட்டு ஏறுன யாத்ரீகர் பரம்பரை, அவங்க நடுவுல டைமர் வச்சுக்கிட்டு ஓடுறது அசிங்கமா இருக்கும்.

அந்த மாதிரி அடையாளம் போட்ட பாதை ஒண்ணு நம்ம ஊர்ல ஏன் போடல? (வாசகி, காரைக்குடி)

அங்கயும் அரசாங்கம் மட்டும் போடலம்மா, பெயிண்ட் டப்பாவோட அலையிறது பெரும்பாலும் உள்ளூர் ஆளுங்க தான், சம்பளமில்லாம. "பிரான்ஸின் அழகான கிராமங்கள்" சங்கம்கூட 1982-ல கொலோஞ்ஜ் லா ரூஜ் மேயர் ஷார்ல் செராக் ஆரம்பிச்சது. அதுல ஒரு ஊர் சேரணும்னா மக்கள்தொகை 2000-க்கு மேல இருக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னம் ரெண்டாவது இருக்கணும். செட்டிநாட்டு ஊருங்க 2014-ல யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல ஏறிருச்சு, கானாடுகாத்தான் தெருவெல்லாம் நேர்கோடா அகலமா தான் கிடக்கு. பள்ளத்தூர், கோத்தமங்கலம், கானாடுகாத்தான் மூணையும் கண்மாய்க் கரை வழியா சேத்து அடையாளம் போட ஒரு பத்துப் பேர் வந்தாப் போதும், எழுதுங்க, நானும் வர்றேன்.

பிரான்ஸ்ல நாய்த் தொல்லை உண்டா? (அதே வாசகி)

தெரு நாய் அனேகமா இல்ல. ஆனா பிரெனீஸ், ஆல்ப்ஸ் மலைல ஆட்டு மந்தையோட பட்டூனு பெரிய வெள்ளை நாய் இருக்கும், மந்தைக்குள்ளயே வளந்தது. அது குரைச்சுக்கிட்டு வந்தா உடனே ஓட்டத்த நிறுத்துங்க, சைக்கிள்னா எறங்குங்க, மெதுவா பேசிக்கிட்டே மந்தையச் சுத்தி தூரமா நடந்து போங்க, அது கண்ண நேராப் பாக்காதீங்க. நம்மூர் மாதிரி குனிஞ்சு கல் எடுக்கிற பாவ்லா அதுகிட்ட காட்டுனா பொழப்பு நாறிரும்.