327-க்குப் பதில் எல்எஸ்3: 1967 கமேரோவின் சேஸிஸ் தாங்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். என்னிடம் 1967 ஷெவர்லே கமேரோ கூபே ஒன்று இருக்கிறது. 275 குதிரைத்திறன் 327 (கன அங்குல) எஞ்சின், ஆங்காங்கே லேசான துரு. எஞ்சினை மாற்றி எல்எஸ்3-யும் (ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை வி8 எஞ்சின்) ஆறு கியர் மேனுவல் பெட்டியும் போடப் போகிறேன். பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுவேன், எப்போதாவது டிராக் ஸ்ட்ரிப்புக்கு (கால் மைல் நேர்ப் பந்தயத் தடம்) போவேன். சப்ஃபிரேம் கனெக்டர் (வண்டியின் முன், பின் சட்டங்களை இணைக்கும் குழாய்) மட்டும் போதும் என்கிறார் பட்டறைக்காரர். ரோல் கேஜ் (உள்ளே கட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாமல் தொடவே தொடாதே என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: பட்டறைக்காரர் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் அவருடைய பதிலில் ஒரு முக்கியமான பாதி விட்டுப்போயிருக்கிறது. கனெக்டரைப் பற்றிப் பேசுகிறவர் ரப்பர் புஷ்களைப் (முன் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் மெத்தைகள்) பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலில் உங்கள் வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். கமேரோவுக்கு முழுநீள சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். முன்பக்கம் மட்டும் தனியாக ஒரு சப்ஃபிரேம். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த சப்ஃபிரேம் நான்கு இடங்களில் ரப்பர் புஷ் வைத்து பாடியோடு போல்ட் செய்யப்பட்டிருக்கும். ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் ரெயில்கள் பாடியோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. முன் சப்ஃபிரேமுக்கும் இந்தப் பின் ரெயில்களுக்கும் நடுவில் இருப்பது தகடுதான்: தரை, ராக்கர் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி), நடுவில் டனல் (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் போகும் மேடு). அன்றைய எஞ்சினுக்கும் அன்றைய டயருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எல்எஸ்3 சுமார் 430 குதிரைத்திறன், 425 அடி-பவுண்டு டார்க் தரும். முதல் கியர் விகிதம் 2.66 என்று வையுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் போய்ச் சேருவது 1,100 அடி-பவுண்டுக்கும் மேல். ஷாஃப்ட் பின் ஆக்சிலை ஒரு பக்கமாக முறுக்கும். அதே அளவு விசையோடு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து முன் சப்ஃபிரேமை மறுபக்கம் முறுக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் தரைத் தகடு. இந்த வகை வண்டிகள் வேகமாகக் கிளம்பும்போது முன் இடது மூலை எழும்புவதும், பின் வலது டயர் பிடிப்பு இழப்பதும் இதனால்தான். இன்னொரு விஷயம், உங்கள் 327-இன் 275 என்பது அந்தக் கால 'கிராஸ்' அளவு. ஏர் கிளீனரும் சைலன்சரும் மற்ற துணைச் சாதனங்களும் மாட்டாமல் எடுத்த எண். 1972 மாடல்களிலிருந்துதான் அமெரிக்கக் கம்பெனிகள் 'நெட்' அளவுக்கு மாறின. ஆகவே 275-க்கும் 430-க்கும் உள்ள உண்மையான இடைவெளி காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது. ஒரே ஆறுதல், எல்எஸ்3 அலுமினிய பிளாக். பழைய இரும்பு எஞ்சினைவிட எடை குறைவு, மூக்குப் பாரம் கூடாது.

'லேசான துரு' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வார்த்தைதான். கார்பெட்டைக் கழற்றி, சப்ஃபிரேமின் பின் போல்ட்கள் ஏறும் தரைப்பகுதி, ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) அடியில் இருக்கும் மவுண்ட், ராக்கர், லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் உட்காரும் பாக்கெட் நான்கையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விண்ட்ஷீல்டுக்குக் கீழே இருக்கும் கௌல் பெட்டியில் துரு விழுந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் தரைக்கு இறங்கும். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். உளுத்த தகட்டில் கனெக்டரைப் பற்றவைத்தால் கனெக்டருக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சுற்றியுள்ள தகடு கிழியும். டிங்கரிங் வேலை முடியாமல் ஒரு குழாயைக்கூட வாங்காதீர்கள்.

அப்புறம் அளவு. சப்ஃபிரேமிலும் பாடியிலும் நேர் பார்க்க ஆலையிலேயே போட்ட துளைகள் உண்டு. அதில் பின் சொருகி, மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து, சப்ஃபிரேம் சதுரமாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கோணலாக நிற்கும் வண்டியை விறைப்பாக்கினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். கூடவே ஒரு எளிய சோதனை: முன் மூலை ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவு இடைவெளி எவ்வளவு மாறுகிறது, அதே பக்கத்துப் பின் சக்கரம் எப்போது தரையை விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திரும்பச் செய்து பார்த்தால் காசு எங்கே போனது என்று தெரியும்.

இனி புஷ். ரப்பரை அப்படியே விட்டுவிட்டு கனெக்டரை இரண்டு முனையிலும் பற்றவைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சப்ஃபிரேம் ரப்பர் மேல் அசையப் பார்க்கும், கனெக்டர் அசையவிடாது. சண்டை முழுக்க வெல்டிங் மேல் வந்து விழும், நாளடைவில் அங்கே விரிசல். பற்றவைக்கும் கனெக்டர் என்றால் அலுமினிய புஷ் போடுங்கள். கொஞ்சம் சத்தமும் அதிர்வும் உள்ளே வரும். எல்எஸ்3 போடுகிறவர் அதற்கு முகம் சுளிக்க முடியாது. பாலியூரித்தேன் புஷ், போல்ட் செய்யும் கனெக்டருக்குப் பொருத்தமான நடுவழி. புஷ் வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். பாடியைத் தாழ்த்துவதற்காகக் குட்டையான புஷ்களும் விற்கிறார்கள், அதைப் போட்டால் ஃபெண்டர், பானெட் இடைவெளிகளை எல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

கனெக்டர் சப்ஃபிரேமின் பின் முனையையும் பின் ரெயிலின் முன் முனையையும் நேராக இணைக்கும் செவ்வகக் குழாய். 2-க்கு 3 அங்குலம், சுவர் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் உங்கள் தேவைக்குத் தாராளம். தரைக்குக் கீழே தொங்கும் வகையைவிட, தரைத் தகட்டோடு நீளவாக்கில் சேர்த்துப் பற்றவைக்கும் வகை அதிக விறைப்பு தரும். முறுக்கத்தில் தரையும் பங்கு கொள்ளும். தகடு மெல்லியது என்பதால் ஒரே மூச்சில் ஓட்டாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தையல் போலப் போடச் சொல்லுங்கள். முனைகளில் பட்டைத் தகடு வைத்து பாரத்தைப் பரப்ப வேண்டும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் போகும் வழியை முன்கூட்டியே பாருங்கள். பேட்டரியையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங்.

பற்றவைக்கும்போது வண்டி தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் தொங்கினால் முனைகள் தொய்யும், அந்தத் தொய்வோடு நீங்கள் பூட்டிவிடுவீர்கள். பிறகு கதவு எந்நாளும் சரியாக மூடாது. ஆக்சிலுக்கு அடியிலும் முன் கன்ட்ரோல் ஆர்முக்கு அடியிலும் ஸ்டாண்ட் வைத்து, எஞ்சின், கதவு, கண்ணாடி எல்லாம் இடத்தில் இருக்க, மட்டம் பார்த்துச் செய்ய வேண்டும். உங்கள் பட்டறைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு பட்டறை தேடுங்கள்.

எஞ்சின் மவுண்டை அலட்சியம் செய்யாதீர்கள். 1971 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ், 1965 முதல் 1969 வரையிலான ஷெவர்லேக்களில் 67 லட்சம் வண்டிகளை இதற்காகவே திரும்ப அழைத்தது. ரப்பர் கிழிந்து எஞ்சின் எழும்பினால் திராட்டில் இழுபட்டு வண்டி தானாகச் சீறியது. தீர்வாக ஒரு கேபிள் கட்டிக் கொடுத்தார்கள். இன்று இரண்டு பாதியும் பூட்டிக்கொள்ளும் வகை மவுண்டுகள் எளிதில் கிடைக்கின்றன.

நண்பரின் ரோல் கேஜ் உண்மையிலேயே விறைப்பு கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போகிறவரின் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. சிறு மோதலில்கூட மண்டை உடையலாம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ-வின் விதிப்படி கால் மைலை 11.49 நொடியிலோ அதற்குள்ளோ ஓடும் மூடிய கார்களுக்கு ரோல் பார் (கேஜைவிட எளிய, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் குழாய்) கட்டாயம். நல்ல டயர் மாட்டினால் உங்கள் வண்டி அந்தப் பக்கம் நெருங்கலாம். நெருங்கும்போது யோசியுங்கள். கன்வர்ட்டிபிளாக இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். கூரையில்லாத கமேரோவில் அதிர்வை அடக்க ஆலையே நான்கு மூலையிலும் எடைக்குண்டு வைத்தது, அதற்கு 'காக்டெயில் ஷேக்கர்' என்று பட்டப்பெயர்கூட உண்டு.

பின்பக்கத்துக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். 1967-இல் வந்தது ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங். முறுக்கு கூடினால் அது எஸ் போல வளைந்து ஆக்சில் குதிக்கும். பல பட்டை ஸ்பிரிங் கட்டாயம். 8.2 அங்குல 10-போல்ட் ஆக்சில் என்றால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். முன்னால் இன்னும் டிரம் பிரேக் இருந்தால் டிஸ்க் போடாமல் எஞ்சினை இறக்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்து சில நூறு மைல் ஓடியதும் வண்டியைத் தூக்கி பாடி போல்ட்களை மறுபடி டார்க் பாருங்கள். கனெக்டரின் நான்கு முனைகளையும் துடைத்து, பெயின்ட்டில் மயிரிழைக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டிங் ஓட்டாதீர்கள். பட்டைத் தகட்டைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.