நடுவில் வந்து நிற்கும் ‘ன்’

கேள்வி: துருக்கி மொழி படிக்கிறேன். ‘அலியின் வீட்டில்’ என்பதற்கு ‘அலினின் எவிதெ’ என்று எழுதினேன். ‘எவிந்தெ’ என்று திருத்திவிட்டார்கள். செயலியோ ‘எவிந்தெ’ என்றால் ‘உன் வீட்டில்’ என்கிறது. எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம். எவ் என்றால் வீடு. ‘உன் வீடு’ எவின். ‘அவன் வீடு’ எவி. ஏழாம் வேற்றுமைக்கான ‘தெ’ சேர்ந்தால் எவின் தானாகவே எவிந்தெ ஆகிவிடும். எவி நேராகச் சேராது, நடுவே ஒரு ‘ன்’ கேட்கும். நம் ‘அது’ ஐ உருபுக்கு முன் அன் சாரியை வாங்கி ‘அதனை’ ஆகிறதே, அந்த மாதிரி. இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் முன்னால் செனின் (உன்) அல்லது ஒனுன் (அவன்) போடுங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘அலினின்’ இருப்பதால் குழப்பமே இல்லை. ஒற்றைச் சொல்லைச் செயலியிடம் கேட்டால் அது ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்யும்.

அரபா (கார்) போல உயிரில் முடியும் சொல்லில் இந்த முட்டல் கிடையாது, ‘அவன்’ விகுதி அங்கே ‘சி’ என்று வரும்: அரபாந்தா உன் காரில், அரபாசிந்தா அவன் காரில். (சொல்லின் உயிருக்கு ஏற்ப ‘தெ’ இங்கே ‘தா’ ஆகிறது.)

வரிசையும் மாறாது: சொல், பன்மை, உடைமை (யாருடையது என்று காட்டும் விகுதி), கடைசியில் வேற்றுமை. எவ்-லெர்-இமிஸ்-தெ, ‘எங்கள் வீடுகளில்’. பல பாடநூல்கள் ஆறு வேற்றுமையையும் முதலில் ஒப்பிக்க வைத்துவிட்டு, உடைமை விகுதியைப் பல பாடம் தள்ளிப் போடுகின்றன. மாணவர் தவறாமல் இங்கே சறுக்குவது இதனால்தான்.

பெரிய பொறி பெயர்களில் இருக்கிறது. ‘இஸ்தான்புல் யுனிவெர்சிதெசி’யின் கடைசி ‘சி’யும் இதே உடைமை விகுதிதான். ஆகவே ‘பல்கலைக்கழகத்துக்கு’ என்றால் யுனிவெர்சிதெசினெ, ‘யுனிவெர்சிதெசியெ’ தப்பு. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பக் கடிதம் எழுதித் தரும் ஏஜென்டுகளிடம் இந்த ஓர் இடத்தைப் பாருங்கள், சரக்கு தெரிந்துவிடும். அரசு உதவித்தொகையான ‘துர்கியெ புர்ஸ்லரி’க்கும் அப்படியே: புர்ஸ்லரினா. அதற்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. ‘பதிவுக் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: ஸு, தண்ணீர். உயிரில் முடிந்தாலும் ‘அவன் தண்ணீர்’ ஸுஸு ஆகாது, ஸுயு. ‘தண்ணீரின்’ ஸுனுன் ஆகாது, ஸுயுன். பழந்துருக்கியில் இது மெய்யில் முடிந்த சொல். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ‘தண்ணீரை’ என்பதும் ஸுயு என்பதால் சிக்கல் இரட்டிப்பு. ‘அவன் தண்ணீரை’ என்றால் அதே ‘ன்’ திரும்ப வரும்: ஸுயுனு. கடையில் ஆரஞ்சு ஜூஸ் ‘போர்தகால் ஸுயு’; ‘ஜூஸை’ என்றால் போர்தகால் ஸுயுனு.